பருவுக்கு வரும் பெண்ணிடம் மாதவிலக்கையும் கேளுங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலை காலங்காலமாக விளைகிறது. அங்கேயும் வயசுக்கு வந்த பெண்ணுக்கு முதலில் விழுகிற தடை, “கடலை திங்காதே, மூஞ்சியெல்லாம் பரு வந்துரும்” என்பதுதான். அடுத்து எண்ணெய்ப் பலகாரம், அதற்கடுத்து மாம்பழம், கோழிக்கறி. உடம்புச் சூடு என்ற ஒரே காரணத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அம்மா சொன்னது போதாதென்று அப்பத்தா கஸ்தூரி மஞ்சளும் பாசிப்பயற்று மாவும் கொண்டுவருவார். இரண்டு வருஷம் கழித்தும் பரு போகவில்லையா, கடைசித் தீர்ப்பு தயாராக இருக்கும்: “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்.”

கல்யாணம் ஆகிறது, பிள்ளையும் பிறக்கிறது, பரு மட்டும் போவதில்லை. அமெரிக்காவில் 20 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், இருபதுகளில் இருந்த பெண்களில் ஏறத்தாழ 51 சதவீதம் பேர் தங்களுக்குப் பரு இருப்பதாகச் சொன்னார்கள். முப்பதுகளில் 35 சதவீதம், நாற்பதுகளில் 26 சதவீதம். ஒவ்வொரு வயதிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போகிற தொல்லை என்று இதை ஒதுக்கிவைக்க முடியாது.

இதன் வேர் ஹார்மோனில் இருக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1941-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவமடைவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் பரு முளைக்கிறது என்பதையும் எழுதினார். அந்த ஹார்மோன் ஆண்களுக்கு மட்டும் சொந்தமல்ல. பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சிறிதளவு சுரக்கின்றன. ரத்தத்தில் வருகிற அந்தச் சிறிதளவை, தோலில் இருக்கும் ஒரு நொதி இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. மயிர்க்காலை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பி அதனால் பெருத்து, கூடுதலாக எண்ணெய் கக்குகிறது. துவாரத்தின் வாயில் செத்த தோல் செல்கள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் பாக்டீரியா பெருகுகிறது. சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. கடலையில் இருக்கும் எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து சேர்வதில்லை. ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவும், ஓரளவு பாலும் பருவைக் கூட்டலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கடலைக்கு அப்படி வலுவான சான்று எதுவும் இல்லை.

வளர்ந்த பெண்ணின் பருவைக் கிட்டத்தில் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். பத்தாம் வகுப்புப் பையனுக்கு நெற்றியிலும் மூக்கிலும் சின்னச் சின்னதாகப் பொரிந்திருக்கும். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் தாடையோரம், மோவாய், கழுத்தின் மேல்பகுதி. வெள்ளை முனை இல்லாமல், தோலுக்கடியில் கல்போலக் கட்டியிருக்கும். தொட்டால் வலிக்கும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு கிளம்பி, விலக்கு முடியும்போது அமுங்கும். அமுங்கினாலும் நம் மாநிறத் தோலில் ஒரு கரும்புள்ளியை விட்டுவிட்டுப் போகும்; அது மங்குவதற்குள் அடுத்த மாதக் கட்டி வந்துவிடும். விலக்குக்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சரிகின்றன, ஆண் ஹார்மோனின் கை ஓங்குகிறது. காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்குப் பல பெண்களுக்கு இது ஒழுங்காக நடக்கிறது.

ஆனாலும் பருவுக்கு மருந்து கேட்டு வருகிற பெண்ணிடம், “மாசமாசம் ஒழுங்கா ஆகுதாம்மா?” என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையின் மனக்குறையே அதுதான்.

நம் ஊர்களில் பருவுக்கான முதல் மருத்துவர் மருந்துக்கடைக்காரர். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எந்தக் கடையிலும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். துப்பட்டாவால் பாதி முகத்தை மறைத்தபடி ஒரு பெண் வருவார். “அண்ணே, முகத்துல பருவுக்கு எதாச்சும் குடுங்க.” முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை, ஒரு ட்யூப் மேஜைமீது வரும். பூசிய மூன்றாம் நாளே சிவப்பு வடியும், தோல் வெளுத்து மினுங்கும். அடுத்த வாரம் தங்கைக்கும் சேர்த்து இரண்டு ட்யூப் வாங்குவார். மூன்று நான்கு மாதத்தில் கதை மாறுகிறது. பூசாமல் இருந்தால் முகம் எரிகிறது. வெயிலில் போனால் தகிக்கிறது. கன்னத்தில் சிவப்பு நரம்புக்கோடுகள் தெரிகின்றன, மேலுதட்டில் முடி வளர்கிறது, முன்பு பத்துப் பரு இருந்த இடத்தில் ஐம்பது. அந்த ட்யூபுக்குள் இருந்தது பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் போன்ற ஒரு ஸ்டீராய்டு. பல சமயம் அதோடு ஒரு ஆன்டிபயாடிக்கும் காளான் மருந்தும் கலந்திருக்கும்.

இது எங்கோ ஒன்றிரண்டு நடப்பதல்ல. இந்தியாவில் 12 மையங்களில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் பூசிவந்தது தெரிந்தது. ஏழு பேரில் ஒருவர். அவர்களுக்கு வந்த கேடுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்கே: புதிதாக வந்தது, அல்லது இருந்தது மோசமானது. தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. சீட்டு கேட்கிற கடை எத்தனை என்பதை மருந்து ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டை இவ்வளவு தாராளமாக வாங்கிப் பூசுகிற ஊரில், பருவுக்கு உண்மையிலேயே வேலை செய்கிற ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் வீடே திடுக்கிடும். அது கருத்தடை மாத்திரை.

ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை பருவை இரண்டு வழிகளில் தொடுகிறது. ஒன்று, மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையைத் தணிக்கிறது; சினைப்பை சுரக்கும் ஆண் ஹார்மோன் குறைகிறது. இரண்டாவது வழி கல்லீரல் வழியாக. ஈஸ்ட்ரோஜன் உள்ளே போனதும் கல்லீரல் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்கிறது. ரத்தத்தில் அலையும் டெஸ்டோஸ்டிரோனை அது பிடித்துக் கட்டிவிடும். வாடிவாசலுக்கு உள்ளேயே கட்டிக்கிடக்கிற காளை யாரையும் முட்டாது என்பது இந்த மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெஸ்டோஸ்டிரோனும் அப்படித்தான்: அவிழ்ந்து திரிவது மட்டுமே எண்ணெய்ச் சுரப்பியைச் சீண்டும். ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் அளவு சரியாக இருக்கிற பெண்களுக்கும் இந்த மாத்திரை பலன் தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பரு உள்ள பெண்களில் மிகப் பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் கூடியிருப்பதில்லை; அவர்களது சுரப்பி சாதாரண அளவுக்கே மிகையாகத் துள்ளுகிறது. “டெஸ்ட் எல்லாம் நார்மல், ஹார்மோன் பிரச்சினை இல்லை” என்று சொல்லி அனுப்புவது அதனால்தான் அரைகுறை பதில்.

முதல் கருத்தடை மாத்திரையே அமெரிக்காவில் 1957-ல் மாதவிலக்குக் கோளாறுக்கான மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. கருத்தடைக்கான அனுமதி பிறகு 1960-ல் வந்தது. பருவுக்கான மருந்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு கருத்தடை மாத்திரைக்கு முதலில் முத்திரை கொடுத்தது 1997-ல். அதன் பிறகு வேறு சிலவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளை, 12,579 பெண்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட இடங்களில் கருத்தடை மாத்திரை பருவைக் குறைத்தது உறுதியானது. ஒரு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. விலை கூடிய மாத்திரைதான் வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டாவது முடிவையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2014-ல் வெளியான இன்னொரு தொகுப்பு ஆய்வு, ஆன்டிபயாடிக் மாத்திரையையும் கருத்தடை மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மூன்றாம் மாதத்தில் ஆன்டிபயாடிக் முந்தியிருந்தது. ஆறாம் மாதத்தில் இரண்டும் ஒன்றுபோல, பருவில் பாதிக்கு மேல் குறைத்திருந்தன. ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஹார்மோன் மாத்திரைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, சிலருக்குச் சற்றுக் கூடவும் செய்யும். மூன்றாம் நாள் மினுங்கும் ஸ்டீராய்டுக்குப் பழகிய கண்ணுக்கு இது தோல்வியாகத் தெரிந்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் சில மாதங்களில் பரு திரும்ப வரலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மாலா-என் அட்டையை எடுத்துப் பார்க்கலாம். 28 மாத்திரைகள். அதில் 21 வெள்ளை, ஒவ்வொன்றிலும் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால். மீதி 7-ம் வெறும் இரும்புச்சத்து. விலக்கு வருகிற வாரத்தில் மாத்திரை போடும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும், ரத்தசோகைக்கு உதவவும். இதே சேர்மானம்தான் மாலா-டி. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஆண் ஹார்மோனின் சாயல் சற்று உள்ள பொருள் என்பதால் பருவுக்கு ஆகாது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஈஸ்ட்ரோஜனோடு சேரும்போது, இதே பொருள் கொண்ட குறைந்த அளவு மாத்திரையும் ஆய்வுகளில் பருவைக் குறைத்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரேபோல இருக்காது, அவ்வளவுதான்.

எல்லாக் கருத்தடையும் பருவுக்கு நல்லது என்று இதைப் புரிந்துகொண்டால் ஆபத்து. 2017 முதல் அரசு தருகிற அந்தரா ஊசியில் புரோஜெஸ்டின் மட்டும் இருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் இல்லை. சிலருக்கு அது பருவைக் கிளப்பும். ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனமும் அப்படியே. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பான சஹேலி, இப்போது அரசுத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் வருவது, ஹார்மோனே இல்லாத மாத்திரை. அதைப் பரு மருந்தாகக் கருத முடியாது. காப்பர்-டியிலும் ஹார்மோன் கிடையாது; அது பருவைக் குறைக்கப்போவதில்லை. ஊசி போட்ட பிறகு முகமெல்லாம் பரு என்று ஒரு தாய் சொன்னால், கிராம சுகாதாரச் செவிலியர் அதை அழகுக் கவலை என்று தள்ளாமல் குறித்துக்கொண்டால், முறையை மாற்றிப் பார்க்க வழி பிறக்கும்.

புதுக்கோட்டையில் இந்த மாத்திரை அந்நியமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன் என்று பொருள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நாடு முழுக்க இது 37.9 சதவீதம். மாத்திரை சாப்பிடுபவர்கள் நாட்டில் 5.1 சதவீதம், தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டு பிள்ளை பெற்று, ஆபரேஷன் முடித்து, வேலை முடிந்தது என்று வீடு திரும்புகிற தலைமுறைகளுக்கு மாத்திரையோடு பழக்கமே ஏற்படவில்லை. பழக்கம் இல்லாத இடத்தில் வதந்திதான் பேசும்.

வதந்திகளில் பெரியது, “இதைச் சாப்பிட்டா பிள்ளை பிறக்காது.” சாப்பிடுகிற வரையில் பிறக்காது, நிறுத்திய சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டுக்குள், பெரும்பாலோருக்குக் கருத்தரிக்கும் திறன் பழையபடி திரும்பிவிடும். உடம்பு போடும் என்கிறார்கள். பெரிய அளவில் எடை கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. புற்றுநோய் வரும் என்ற பேச்சில் பாதி உண்மை: சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, சினைப்பை மற்றும் கருப்பை உட்படலப் புற்றுநோய் வாய்ப்பு குறைகிறது. முழுதாகச் சொன்னால் பெண்கள் புரிந்துகொள்வார்கள். பாதியைச் சொன்னால் பயந்துபோவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை, கல்யாணமாகாத பெண்ணின் கைப்பையில் அந்த அட்டை இருப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது. இந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டே சில மருத்துவர்கள், “மாதவிலக்கைச் சரி பண்ற மாத்திரை” என்று மட்டும் சொல்லி எழுதித் தருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் போனில் மாத்திரையின் பெயரைத் தட்டிப் பார்க்கிறாள். கருத்தடை என்று வருகிறது. அதிர்ந்துபோய் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அட்டையைக் குப்பையில் போடுகிறாள். மறைத்துக் கொடுத்த மருந்து இப்படித்தான் வீணாகும். அம்மாவையும் உட்காரவைத்து, “இது கருத்தடைக்கும் பயன்படும் மாத்திரை, உங்க பொண்ணுக்கு ஹார்மோனைச் சீராக்கக் கொடுக்கிறோம், இன்ன தொந்தரவு வந்தா உடனே வாங்க” என்று ஐந்து நிமிடம் பேசுவதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

அந்த ஐந்து நிமிடம் இன்னொரு காரணத்துக்காகவும் கட்டாயம் வேண்டும். இது எல்லாருக்குமான மாத்திரை அல்ல. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவது இதன் பெரிய ஆபத்து. ஐரோப்பிய மருந்துகள் முகமையின் கணக்குப்படி, மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டு வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை சாப்பிடுபவர்களில் 5 முதல் 7 பேருக்கு. ட்ரோஸ்பைரினோன் போன்ற புதிய வகைகளில் 9 முதல் 12 பேருக்கு. எண்ணிக்கை சிறிதுதான், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இதைவிடக் கூடுதல். இருந்தாலும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், கல்லீரல் நோயாளிகள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கும் சில வலிப்பு மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறைந்துபோகும். ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் கடையில் வாங்கி விழுங்கினால், ஸ்டீராய்டு ட்யூபுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

வெளிநாட்டிலும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். சைப்ரோடிரோன் கலந்த டயான்-35 பருவுக்கென்றே பிரான்சில் அனுமதி பெற்ற மாத்திரை. கருத்தடைக்காகவும் தாராளமாக எழுதப்பட்டது. ரத்தக்கட்டு மரணங்கள் பற்றிய செய்திகளுக்குப் பிறகு அதை நிறுத்திவைப்பதாக 2013 ஜனவரியில் பிரான்ஸ் அறிவித்தது. ஐரோப்பிய முகமை ஆராய்ந்து, பூச்சு மருந்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத பருவுக்கு மட்டும், ஆபத்து அறிந்து கொடுக்கலாம் என்றது. 2014-ல் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் யாஸ் என்ற கருத்தடை மாத்திரையின் விளம்பரம் பரு போக்கும் சக்தியை மிகைப்படுத்தியதால், தயாரிப்பாளரான பேயர் நிறுவனம் 2009-ல் 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரம் வெளியிட வேண்டியிருந்தது. மாத்திரையை வெறுக்க இவை காரணமாகாது. அழகு சாதனமாக விற்கக் கூடாது என்பதற்குக் காரணம்.

இன்னொரு பக்கம், பரு சில பெண்களுக்கு உள்ளே நடக்கும் வேறொன்றின் அடையாளம். விலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, மோவாயில் முரட்டு முடி, கழுத்தின் பின்புறம் வெல்வெட் துணிபோலக் கறுப்பது, எடை கூடுவது ஆகியவை பருவோடு சேர்ந்துவந்தால் பி.சி.ஓ.எஸ். பற்றி யோசிக்க வேண்டும். ஊரில் இதற்கு நீர்க்கட்டி என்று பெயர். ஆந்திரத்தில் 15 முதல் 18 வயது மாணவியரிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில் 9.13 சதவீதம் பேருக்கு இது இருந்தது. பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிற கோளாறு என்பதால் கண்டுபிடிப்பது முக்கியம். அதற்காகப் பதினைந்து வயதுப் பெண்ணை நேரே ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவது தவறு. அந்த வயதில் சினைப்பையில் நிறைய சிறு முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவுசெய்ய வேண்டாம் என்று 2018-ல் வந்த பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. ஒரு ஸ்கேன் தாளை வைத்து, “கர்ப்பப்பையில கட்டி, கொழந்தை பொறக்குறது கஷ்டம்” என்று பயமுறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். பேச்சைக் கேட்டாலே பாதி விவரம் வந்துவிடும்: விலக்கு தேதி, முடி, எடை, வீட்டில் சர்க்கரை நோய். பரு திடீரென்று கடுமையாகி, குரலும் தடித்து, உச்சந்தலையில் முடி கொட்டினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பருவுக்கு எழுதப்படும் மற்ற மருந்துகளும் பெண்ணின் கருப்பையைத் தவிர்த்துவிட்டுப் போவதில்லை. கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தும். சாப்பிடும் காலம் முழுக்கவும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பமாகக் கூடாது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரை பெண்களின் பருவைக் குறைக்கிறது என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. அதைச் சாப்பிடும்போதும் கர்ப்பம் கூடாது. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு இவற்றில் ஒன்றை எழுதிவிட்டு, கருத்தடையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சத்தின் விலையை ஒரு குழந்தை கொடுக்க நேரும்.

இந்த மாவட்டத்துக்கு இந்தக் கூச்சம் பொருந்தாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்று வெளியே வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், எதிர்ப்பைத் தாண்டி இடம் பெற்றவர். அவர் பெயரில் அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டம் தமிழ்நாட்டின் ஏழைக் கர்ப்பிணிகளைத் தேடிப்போகிறது. பூப்பெய்திய மாணவிக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கிடைக்கிறது. பிரசவத்துக்கு ராணியார் ஆஸ்பத்திரி இருக்கிறது, 2017 முதல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் நடுவில் ஒரு பெண் வாழ்கிற பத்துப் பதினைந்து வருஷத்தைப் பற்றித்தான் யாரும் விசாரிப்பதில்லை. பரு, முறை தவறிய விலக்கு, வேண்டாத முடி எல்லாம் அந்த இடைவெளியில் விழுந்துவிடுகின்றன.

தீர்க்க முடியாத பிரச்சினை அல்ல இது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏற்கெனவே ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, மாலா-என் இருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் உடல்நலப் பரிசோதனையில் விலக்கு பற்றியும் பரு பற்றியும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவும் மகளிர் நலப் பிரிவும் வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால், மோவாயை ஒரு டாக்டரிடமும் மாதவிலக்கை வேறொரு டாக்டரிடமும் காட்டுவதற்காகப் பெண்கள் மணமேல்குடியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்காது. மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் ஸ்டீராய்டு ட்யூப் விற்பனையை உண்மையாகவே தணிக்கை செய்ய வேண்டும். ஊர் என்ன பேசும் என்ற கவலைக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோதும் ஊர் பேசத்தான் செய்தது. அவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

பருவோடு இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. தினசரி காலண்டரில் விலக்கு வந்த தேதியையும் பரு கிளம்பிய தேதியையும் மூன்று மாதம் குறித்து வையுங்கள். அந்தத் தேதிகளோடு, இதுவரை பூசிய ட்யூபையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் நீங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். அவர் விலக்கைப் பற்றிக் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.